சந்திரகிரி: பாட்டு தெலுங்கில், கணக்கு தமிழில்

திருமலையில் வழிபாட்டை முடித்து இறங்கும் தமிழ்ப் பயணிகளுக்குத் திருப்பதியில் பெரும்பாலும் அரை நாள் மிஞ்சும். வாடகை வண்டி ஓட்டுநர் அதற்கென்று ஒரு பட்டியல் வைத்திருப்பார். திருச்சானூர், சீனிவாச மங்காபுரம், காளஹஸ்தி, நேரமிருந்தால் காணிப்பாக்கம். பட்டியலின் கடைசியில், வேண்டுமானால் பார்க்கலாம் என்ற தொனியில், ஒரு கோட்டையின் பெயரையும் சேர்ப்பார். அதுவே சந்திரகிரி. திருப்பதிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், தமிழர் பொன்முகலி என்றும் தெலுங்கர் சுவர்ணமுகி என்றும் அழைக்கும் ஆற்றின் பக்கத்தில், ஒரு பெரும் பாறைக்குன்றைச் சுற்றி அமைந்த பழைய தலைநகரம்.

விசயநகரப் பேரரசு என்றவுடன் பயணிகளின் நினைவுக்கு வருவது ஹம்பி. அங்கே செல்வதற்கென்றே திட்டமிட்டு, இரண்டு நாள் தங்கி, துங்கபத்திரைக் கரையில் நடக்கிறார்கள். அதே பேரரசு ஹம்பியை இழந்த பிறகும் எண்பது ஆண்டுகள் வாழ்ந்தது என்பதும், அந்தப் பிற்கால வாழ்வில் அது அமர்ந்த அரியணைகளுள் ஒன்று திருப்பதி மலையடிவாரத்தில் இருந்தது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. சந்திரகிரிக்கு வருவோர் ராஜமகாலின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அருங்காட்சியகத்தில் சிலைகளைப் பார்க்கிறார்கள். சென்னை நகரை ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்த இடம் இதுதான் என்று யாரோ சொல்வதைக் கேட்டுக்கொள்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் எழாமல் போகும் கேள்வி ஒன்று உண்டு. இந்தத் தலைநகரம் எந்த மொழியில் இயங்கியது?

இது வெறும் ஆய்வுக் கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் இதே வட்டாரத்தின் மீது இரண்டு முழக்கங்கள் மோதிய காலம் மிகத் தொலைவில் இல்லை. 1950களின் தொடக்கத்தில் மொழிவழி மாநிலக் கோரிக்கை எழுந்தபோது, ஒருபுறம் ‘மதராஸ் மனதே’ என்ற குரல் ஒலித்தது, மறுபுறம் ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் ‘வேங்கடத்தை விடமாட்டோம்’ என்று முழங்கியது. இன்று அந்த முழக்கங்கள் சமூக ஊடகங்களில் வேறு வடிவில் உயிர்த்திருக்கின்றன. திருமலைக் கல்வெட்டு ஒன்றின் படத்தைப் பதிவிட்டு, “பாருங்கள், தமிழ்; ஆகவே இது எங்களுடையது” என்பார் ஒருவர். அரசர் பெயர்களை அடுக்கி, “இவர்கள் அனைவரும் தெலுங்கர், ஆகவே எங்களுடையது” என்பார் மற்றவர். இருவருடைய சான்றுகளும் உண்மையானவை. இரு முடிவுகளிலும் ஒரே பிழை இருக்கிறது: ஓர் ஆவணத்தின் மொழி அந்த நிலத்தின் உரிமையாளரைக் காட்டும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கச் சந்திரகிரியைவிடப் பொருத்தமான இடம் அரிது.

*

கோட்டையின் தொடக்கத்தை மரபுச் செய்திகள் கி.பி. 1000ஐ ஒட்டிய காலத்துக்குக் கொண்டுசென்று, இம்மடி நரசிம்ம யாதவராயர் என்பவரோடு இணைக்கின்றன. யாதவராயர்கள் சோழர்க்கு அடங்கிய குறுநிலத் தலைவர்களாக இப்பகுதியை ஆண்டவர்கள். வீரநரசிங்க யாதவராயர், திருக்காளத்திதேவ யாதவராயர் முதலியோரின் பெயர்கள் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டுகளில் வருகின்றன. அவர்கள் சூடிக்கொண்ட பட்டங்களுள் ஒன்று ‘சசிகுல சளுக்கி’. தம்மைச் சளுக்கிய மரபினராகக் காட்டிக்கொண்ட இவர்கள், கோயிலுக்கு விட்ட கொடைகளைப் பொறித்தது தமிழில். பட்டம் ஒரு திசையைக் காட்டுகிறது. சாசனம் வேறு திசையைக் காட்டுகிறது. இந்த முரண் பிற்காலத்தில் பன்மடங்கு பெருகும்.

15ஆம் நூற்றாண்டில் சந்திரகிரியைத் தன் இருக்கையாகக் கொண்ட சாளுவ நரசிம்மர், விசயநகரத்தின் வலிமைமிக்க படைத்தலைவர்களுள் ஒருவர். சங்கம மரபு தளர்ந்தபோது, 1485ஐ ஒட்டி அவரே அரியணையைக் கைப்பற்றினார். போர்ச்சுகீசியர் தம் எழுத்துகளில் விசயநகர நாட்டை ‘நர்சிங்கா’ என்றே குறித்தார்கள். சந்திரகிரித் தலைவர் ஒருவரின் பெயர் ஐரோப்பியருக்கு ஒரு பேரரசின் பெயராகிவிட்டது. அந்த நரசிம்மர் திருமலையில் செய்த அறங்கள் பல. கந்தாடை இராமானுச ஐயங்கார் என்பவரின் பொறுப்பில், பயணிகளுக்கு உணவளிக்கும் இராமானுச கூடங்களை அவர் ஏற்படுத்தினார். அவற்றைப் பற்றிய கல்வெட்டுகளும் தமிழிலேயே அமைந்தன.

கிருட்டிணதேவராயர் 1513 முதல் 1521 வரை ஏழு முறை திருமலைக்கு வந்தார். அவருடைய கொடைகளைக் கூறும் கல்வெட்டுகள் தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்று மொழிகளிலும் உள்ளன. அவருக்குப் பின் பட்டமேறிய அச்சுதராயர் அதுவரை சந்திரகிரிக் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டிருந்தவர். அண்ணன் காலத்தில் சிறையாக இருந்த கோட்டையிலிருந்து வெளிவந்தவருக்குத் திருமலையிலும் காளஹஸ்தியிலும் முடிசூட்டு விழாக்கள் நடந்தன. பேரரசின் தலைநகரமாக ஆவதற்கு முன்பே சந்திரகிரி அரசியலின் கருவூலமாகவும் காவற்கூடமாகவும் இருந்தது என்பதற்கு இது சான்று.

*

1565 ஜனவரியில் நடந்த தலைக்கோட்டைப் போரில் அளிய ராமராயர் கொல்லப்பட்டார். வெற்றி பெற்ற தக்காண சுல்தான்களின் படைகள் விசயநகரத்தை அழித்தன. ராமராயரின் தம்பி திருமலைராயர் பெனுகொண்டாவுக்குப் பின்வாங்கி, எஞ்சிய நாட்டைத் தம் மைந்தர் மூவரிடம் பகிர்ந்து ஒப்படைத்தார். பெனுகொண்டாவிலிருந்து தெலுங்குப் பகுதியை ஸ்ரீரங்கரும், ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து கன்னடப் பகுதியை இராமரும், சந்திரகிரியிலிருந்து தமிழ்ப் பகுதியை வேங்கடபதியும் மேற்பார்த்தனர்.

இந்த ஏற்பாட்டை இன்றைய வாசகர் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். மொழிவழி மாநிலம் என்ற சொல் பிறப்பதற்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்கு முன், நிர்வாக வசதிக்காகச் செய்த ஒரு பிரிவினை, ஏறத்தாழ மொழி எல்லைகளின் மீதே விழுந்திருக்கிறது. அதில் சந்திரகிரி தமிழ்ப் பகுதியின் தலைமையிடம். அங்கே அமர்ந்தவர் தெலுங்கு பேசும் அரவீட்டு மரபினர். செஞ்சி, தஞ்சை, மதுரை நாயக்கர்கள் செலுத்த வேண்டிய திறை அந்தத் திசையிலிருந்தே வர வேண்டும். ஆகவே தமிழ் நிலத்தை நோக்கிய வாயிலாகவே இக்கோட்டை தேர்ந்தெடுக்கப்பட்டது.

1586இல் வேங்கடபதி தேவராயர் பேரரசராகப் பட்டமேறினார். கோல்கொண்டாப் படைகளின் எல்லைக்கு மிக அருகில் இருந்த பெனுகொண்டா பாதுகாப்பற்றதாகிவிட்டது. 1590களின் தொடக்கத்தில் அவர் அரசிருக்கையைத் தமக்கு நன்கு பழகிய சந்திரகிரிக்கு மாற்றினார். கிழக்குத் தொடர்ச்சி மலைகள் அரணாயின. திறை தரும் தென்னாட்டு நாயக்கர்கள் அருகில் இருந்தனர். பேரரசின் குலதெய்வமாகவே ஆகிவிட்ட திருவேங்கடமுடையான் மலைமேல் இருந்தார். 17ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வேலூர்க் கோட்டை கைக்கு வந்தபின் அரசிருக்கை அங்கும் நகர்ந்தது. அதன்பின் இரு ஊர்களும் அரசின் இருப்பிடங்களாகத் தொடர்ந்தன.

*

இனி அந்தக் கேள்விக்கு வரலாம். இந்தத் தலைநகரின் மொழி எது?

விடையின் முதற்பகுதி சந்திரகிரியில் இல்லை. அதன் தலைக்குமேல் உள்ள மலையில் இருக்கிறது. திருமலை, திருப்பதி, திருச்சானூர்க் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டுள்ளன. 1930களில் தேவஸ்தானம் அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. அப்பணியின் முதன்மையான பெயர் சாது சுப்பிரமணிய சாஸ்திரி. அவற்றுள் மிகப் பெரும்பான்மை தமிழ்க் கல்வெட்டுகள். தெலுங்கும் கன்னடமும் சிறு பகுதியே. 10ஆம் நூற்றாண்டில் வெள்ளித் திருமேனி ஒன்றை அளித்த பல்லவ அரசி சாமவையின் சாசனம் தொடங்கி, தெலுங்கு பேசும் அரசர்கள் அடுத்தடுத்து ஆண்ட விசயநகரக் காலம் முழுவதும் இந்த நிலை பெரிதும் மாறவில்லை.

காரணம் கல்வெட்டுகளின் உள்ளேயே இருக்கிறது. பெரும்பாலானவை கோயிலின் பொறுப்பாளர்களான ஸ்தானத்தார், கொடையாளிக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தங்கள். கொடையாளி ஸ்ரீபண்டாரத்தில் இத்தனை நற்பணம் செலுத்துகிறார். அப்பணம் கோயிலுக்குரிய ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டச் செலவாகிறது. அதனால் கூடும் விளைச்சலிலிருந்து நாள்தோறும் அல்லது திருநாள்தோறும் இத்தனை திருப்போனகம், இத்தனை அப்பப்படி, இத்தனை அதிரசப்படி படைக்கப்பட வேண்டும். அரிசி இத்தனை மரக்கால், நெய் இத்தனை நாழி என்று பட்டியல் நீளும். படைத்த பிரசாதத்தில் நான்கில் ஒரு பங்கு கொடையாளிக்குரியது. அந்தப் பங்கிற்குக் கல்வெட்டுகள் வைத்திருக்கும் பெயர் ‘விட்டவன் விழுக்காடு’. இன்று நூற்றுக்கு இத்தனை என்ற பொருளில் மட்டும் பள்ளிப் புத்தகங்களில் வாழும் விழுக்காடு, அங்கே தட்டில் வைத்துத் தரப்படும் பங்கு. கொடைகளும் கடமைகளும் சந்திராதித்தர் உள்ளவரை செல்லும் என்று ஆவணம் உறுதி கூறும். இறுதியில், இதை எழுதியவர் கோயில் கணக்கரான திருநின்றவூருடையான் என்ற குறிப்பு வரும்.

இந்தக் கடைசிக் குறிப்பில்தான் விடையின் திறவுகோல் இருக்கிறது. நூற்றுக்கணக்கான ஆவணங்களின் அடியில், தலைமுறை கடந்தும் அதே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ஆகவே அது ஒரு தனி மனிதரைக் குறிக்கவில்லை. கணக்கெழுதும் பணியை வழிவழியாகப் பெற்ற ஒரு குடும்பத்தின் பெயர். திருநின்றவூர் சென்னைக்கு மேற்கே, இன்று புறநகர் ரயில் நிற்கும் ஊர். அவ்வூரின் பெயரைத் தாங்கிய கணக்கர் மரபு மலைமேல் எழுத்துப் பணியைத் தன் கையில் வைத்திருந்தது. அரசர் மாறினார், அரச குலம் மாறியது, தலைநகரம் மாறியது. கணக்குப் பிள்ளையின் கையெழுத்து மாறவில்லை. கல்வெட்டின் மொழி என்பது ஏட்டையும் எழுத்தாணியையும் யார் வைத்திருந்தார்கள் என்பதைக் காட்டுவது. அரசனின் தாய்மொழியையோ, மலையேறி வந்த பக்தர்களின் தாய்மொழியையோ அதிலிருந்து மட்டும் உய்த்துணர முடியாது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் தாள்ளபாக்க அன்னமாச்சாரியர் இருக்கிறார். 15ஆம் நூற்றாண்டில் அதே மலையில், அதே இறைவனைப் பற்றி, ஆயிரக்கணக்கான தெலுங்குப் பாடல்களை இயற்றியவர். அவர் வழியினர் அப்பாடல்களைச் செப்பேடுகளில் பொறித்துக் கோயிலுக்குள்ளேயே ஓர் அறையில் வைத்தனர். இந்தியாவில் வேறெங்கும் எளிதில் காணமுடியாத அளவுக்குப் பெரிய இசைப்பாடல் கருவூலம் அது. இவ்வளவு உறுதியான தெலுங்குக் குடும்பம் கோயிலுக்குக் கொடை விட்டபோது என்ன நடந்தது? கணக்கர் வழக்கம்போல் தமிழில் எழுதினார். அந்தக் கல்வெட்டுகளில் தெலுங்கின் பெருங்கவிஞர் அன்னமய்யங்கார் ஆகிறார். அவர் மகன் பெத்த திருமலாச்சாரியர் திருமலையய்யங்கார் ஆகிறார். பாட்டு தெலுங்கில் பிறந்து செப்பேட்டில் ஏறியது. அதே குடும்பத்தின் கணக்கு தமிழில் பிறந்து கல்லில் ஏறியது. இரண்டையும் ஒரே கோயில் ஒரே நூற்றாண்டில் தாங்கியது. தமிழ்க் கல்வெட்டின் படத்தைப் பதிவிடுபவரும் தெலுங்குப் பாடலைப் பதிவிடுபவரும் ஒரே வீட்டின் இரு அறைகளைத் தனித்தனி வீடுகளாகக் காட்டுகிறார்கள்.

*

அரசவையின் சொந்த ஆவணங்களுக்கு வந்தால் மூன்றாவது மொழி ஒன்று தலைநீட்டுகிறது. வேங்கடபதி தேவராயரின் செப்பேடுகள் வடமொழியில், நந்திநாகரி எழுத்தில் அமைந்தவை. தமிழ்நாட்டு ஊர்களைப் பார்ப்பனர்க்குத் தானமாக அளித்த ஏடுகளும் அவ்வாறே. ஆனால் இறுதியில் அரசரின் ஒப்பமாக வரும் ‘ஸ்ரீ வேங்கடேச’ என்பது மட்டும் தெலுங்கு-கன்னட எழுத்தில் இருக்கும். முந்தைய மரபுகளின் ஏடுகளில் அந்த இடத்தில் ஹம்பியின் தெய்வமான விருபாட்சரின் பெயர் இருந்தது. தலைநகரம் துங்கபத்திரையை விட்டு வேங்கடத்தின் அடிவாரத்துக்கு வந்த கதையை இந்த ஒற்றைக் கையொப்ப மாற்றம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது. வேங்கடபதியின் வராகன் பொற்காசிலும் ஒருபுறம் திருமால் நிற்க, மறுபுறம் வேங்கடேசுவரருக்கு வணக்கம் கூறும் வடமொழித் தொடர் நாகரி எழுத்தில் உள்ளது.

நான்காவது மொழியினர் கடல் கடந்து வந்தவர்கள். 1590களின் இறுதியில் மயிலாப்பூர் சாந்தோமிலிருந்து போர்ச்சுகீசியச் சார்புடைய யேசு சபைத் துறவிகள் சந்திரகிரி அவைக்கு வந்தனர். வேங்கடபதி அவர்களை மதிப்போடு வரவேற்று, தேவாலயம் அமைக்க இசைவு தந்தார். ஓவியத்தில் அவருக்கு ஆர்வம் மிகுதி. துறவிகள் கொண்டுவந்த ஐரோப்பியப் படங்களை விரும்பிப் பார்த்தார். யேசு சபையினருக்கு இந்த மண்ணின் மொழி புதிதன்று. 1578இலேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் தமிழ் நூலை அச்சிட்டவர்கள் அவர்கள். ஆனால் முத்துக்குளித்துறையில் கற்ற தமிழ் சந்திரகிரி அரண்மனைக்குள் போதவில்லை. அவைக்குப் பேசத் தெலுங்கு வேண்டும் என்று கண்டு, துறவிகள் அதைக் கற்கத் தொடங்கினர். வெளியிலிருந்து வந்தவரின் இந்தத் தேவையே நல்ல சான்று: கோயிலின் ஏட்டு மொழி தமிழாக இருந்த அதே காலத்தில், அவையின் பேச்சு மொழி தெலுங்கு.

ஆக, ஒரே தலைநகர வட்டத்துக்குள் கணக்கு தமிழில், பேச்சும் பாட்டும் தெலுங்கில், தானப் பட்டயம் வடமொழியில், கடற்கரையோடு நடந்த கடிதப் போக்குவரத்து போர்ச்சுகீசிய மொழியில். எவரும் இதைக் குழப்பமாகக் கருதியதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மொழி. ஒவ்வொரு மொழிக்கும் அதில் பயின்ற ஒரு கூட்டம்.

*

இது தென்னிந்தியாவுக்கு மட்டும் உரிய புதுமையும் இல்லை. அதே நூற்றாண்டில் உலகின் மறுபக்கத்தில் வீழ்ந்த இன்கா பேரரசின் தலைநகரமான குஸ்கோவுக்கு இன்று பெரு நாட்டின் பயணிகள் திரள்கிறார்கள். சாந்துக் கலவையின்றிப் பொருத்திய இன்காக் கற்சுவர். அதன்மேல் எசுப்பானியர் எழுப்பிய தேவாலயம். பார்த்த மாத்திரத்தில் வென்றவரும் தோற்றவரும் கண்ணுக்குத் தெரிகிறார்கள். ஆனால் மொழியைத் தேடினால் கதை அவ்வளவு எளிதாக இல்லை. இன்காக்களின் மொழி என்று உலகம் அறிந்த கெச்சுவா, பேரரசின் பொது மொழியாகப் பரவியது. ஆளும் குலம் அதற்கு முன் பேசியது வேறொரு மொழி என்று மொழியியலாளர் பலர் கருதுகின்றனர். கணக்குகளோ எந்த மொழியின் எழுத்திலும் இல்லை. வண்ணக் கயிறுகளில் முடிச்சிட்டு எண்களைப் பதிந்து, அவற்றைப் படிக்கத் தெரிந்த தனி வகுப்பாரிடம் ஒப்படைத்திருந்தார்கள். திருமலையின் கணக்கருக்கும் குஸ்கோவின் முடிச்சுக் கணக்கருக்கும் இடையே ஒரு கடலும் ஒரு கண்டமும் உண்டு. ஆனாலும் இருவரும் சொல்வது ஒன்றே. பேரரசை நடத்தும் மொழி வேறு, ஆளும் குலத்தின் மொழி வேறு; இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும் என்பது நவீன காலத்தின் எதிர்பார்ப்பு.

*

சந்திரகிரிக்கு வரும் சென்னைப் பயணியின் ஆர்வத்தைத் தூண்டும் செய்தி, தம் ஊரின் பிறப்புப் பத்திரம் இங்கே எழுதப்பட்டது என்பது. அதைச் சற்றுத் திருத்திச் சொல்ல வேண்டும். 1639இல் ஆங்கிலேய வணிகர் பிரான்சிஸ் டேக்குக் கோட்டை கட்டிக்கொள்ள இசைவளித்தவர் பேரரசர் அல்லர். அவருக்குக் கீழ் வந்தவாசியில் இருந்து கடற்கரைப் பகுதியை ஆண்ட தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர். அவர் தம்பி ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்தார். தந்தை சென்னப்பரின் பெயர் புதிய ஊருக்கு இடப்பட்டது. அக்குடும்பத்தைச் சேர்ந்த அங்கபூபாலர் இயற்றிய ‘உஷாபரிணயமு’ என்னும் தெலுங்கு நூலில், பழவேற்காட்டு டச்சுக்காரருக்கும் சாந்தோம் போர்ச்சுகீசியருக்கும் இடையே நடந்த சச்சரவைத் தணிக்க ஐயப்பர் தந்தையின் பெயரால் சென்னப்பட்டினத்தை நிறுவிய செய்தி இடம்பெறுகிறது.

பேரரசர் இந்தக் கதைக்குள் வருவது 1645இல். அப்போது அரியணையில் இருந்த மூன்றாம் ஸ்ரீரங்கராயர், ஆங்கிலேயரின் உரிமையை உறுதிப்படுத்தித் தாமே ஒரு சாசனம் வழங்கினார். அதில் ஊரின் பெயர் சென்னப்பட்டினமும் இல்லை, மதராசப்பட்டினமும் இல்லை. ஸ்ரீரங்கராயப்பட்டினம்! கீழ்ப்பட்ட நாயக்கரின் தந்தை பெயரில் ஓர் ஊர் வளர்வதை ஏற்காத அரசர் தம் பெயரையே அதற்குச் சூட்டிப் பார்த்தார். பெயர் ஒட்டவில்லை. அரசரிடம் அதை நடைமுறைப்படுத்தும் வலிமை எஞ்சியிருக்கவில்லை. அடுத்த ஆண்டே கோல்கொண்டாப் படைகள் சந்திரகிரியைக் கைப்பற்றின. ஸ்ரீரங்கர் அரியணையை மீட்க ஆதரவு தேடி மைசூர், கெளதி அரசுகளின் பக்கம் அலைந்தார். அவர் சூட்டிய பெயர் ஒரு பத்திரத்தின் வரியாக நின்றுவிட்டது. தமிழ் நிலத்தில் தெலுங்கு நாயக்கர் சூட்டிய தந்தை பெயர் ஒரு மாநகரத்தின் பெயராக வாழ்கிறது. ‘மதராஸ் மனதே’ என்றவர்க்கும் அதை மறுத்தவர்க்கும் இந்தப் பத்திரங்கள் சமமாகவே சங்கடம் தருபவை.

அதன்பின் சந்திரகிரியின் கதை விரைவில் முடிகிறது. 1758இல் கோட்டை ஆற்காட்டு நவாபின் சகோதரர் அப்துல் வகாப் கானிடம் இருந்தது. இதை வைத்திருந்ததாலேயே திருப்பதியின் காவலர் என்ற நிலையை அவர் கோரினார். 1782இல் ஹைதர் அலியிடம் கோட்டை பணிந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை வரை அது மைசூரின் கையில் இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் இப்பகுதி வட ஆற்காட்டு மாவட்டத்தில் அடங்கியது. 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது மாவட்டம் அதனோடு சென்றது. வட எல்லைப் போராட்டத்தின் விளைவாக அமைந்த படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி முதலிய பகுதிகள் தமிழ்நாட்டோடு இணைந்தன. 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் மீண்டும் பிரிக்கப்பட்டபோது சந்திரகிரி புதிய திருப்பதி மாவட்டத்துக்குள் வந்தது.

நிர்வாகத்துக்கு எல்லைக்கோடு தேவை. அதில் குறை காண்பதற்கில்லை. திருத்தணிக்காகச் சிறை சென்றவர்களின் உழைப்பும் மதிக்கத்தக்கதே. பிழை நேர்வது, 20ஆம் நூற்றாண்டில் வரைந்த கோட்டை 16ஆம் நூற்றாண்டின் மீதும் நீட்டி வரையும்போது. அப்படி வரைந்தால் இருபுறமும் இழப்பு உண்டு. தமிழ்க் கல்வெட்டுகளைத் தமிழர் மட்டும் பெருமைக்காகப் படித்தால், அவற்றில் பதிவான தெலுங்குக் குடும்பங்களின் வரலாறு படிக்கப்படாமல் கிடக்கும். தமிழ்க் கல்வெட்டுகளைப் படிக்கப் பயின்றவர்கள் ஆந்திரத்தில் குறைந்துபோனால், திருமலையின் ஐந்நூறு ஆண்டுக் கணக்கேடு அதன் சொந்த மண்ணிலேயே வாசிக்க ஆளற்றதாகிவிடும். தெலுங்கு அறியாத தமிழாய்வாளருக்குச் சென்னையின் தொடக்க வரலாற்றில் பாதி மூடியே இருக்கும். இந்த இழப்பு முழக்கங்களின் காலத்தில் தொடங்கியது. இன்னும் முழுமையடையவில்லை என்பதே ஆறுதல்.

*

அடுத்த முறை அரை நாள் மிஞ்சும் பயணி சந்திரகிரிக்குச் சென்றால், ராஜமகாலின் முன் படம் எடுத்தபின் இன்னும் சில நிமிடங்கள் நிற்கலாம். மூன்று தளங்கள் கொண்ட அக்கட்டடம் கல், செங்கல், சுண்ணச்சாந்து ஆகியவற்றால் ஆனது, மரம் பயன்படுத்தப்படவில்லை. கீழே வரிசையாக நிற்கும் கூர்முனை வளைவுகள் தக்காணத்து சுல்தான்களின் அரண்மனைகளிலிருந்து வந்தவை. விசயநகரத்தை அழித்தவர்களும் அவர்கள்தாம். மேலே எழும் கோபுரங்களோ கோயில் விமானங்களின் சாயலில் அமைந்தவை. பகைவரின் வளைவின் மீது தம் தெய்வத்தின் விமானத்தை ஏற்றிக் கட்டிய கொத்தர்களுக்கு அதில் முரண் தெரியவில்லை. வளைவு பாரத்தைத் தாங்கியது. அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. அருகில் இரண்டு தளங்களோடு நிற்பது ராணிமகால். அதன் கீழ்த்தளம் குதிரைக் கொட்டிலாக இருந்திருக்கலாம் என்று தொல்லியலாளர் கூறுவதால், பெயர்ப்பலகைகளையும் சற்று ஐயத்தோடு படிப்பது நலம்.

மாலையில் ஒலி, ஒளிக் காட்சி பார்த்துத் திரும்பும் வழியில் சீனிவாச மங்காபுரம் வரும். அங்கிருந்துதான் ஸ்ரீவாரி மெட்டு என்னும் படிவழி மலையேறுகிறது. சந்திரகிரி அரசர்கள் திருமலைக்கு ஏறிய வழி என்று மக்கள் சொல்வது அதையே. பேருந்தில் ஒருவர் தெலுங்கில் தொடங்கிய பேச்சுக்கு மற்றவர் தமிழில் மறுமொழி தருவார். நடத்துநர் இரண்டிலும் சில்லறை கேட்பார். சித்தூர், நகரி, புத்தூர்க் கடைவீதிகளில் இன்றும் இதுவே வழக்கம். சிற்றூர் என்பதே சித்தூர் ஆயிற்று என்பர். அந்தச் சொல் எங்கே தமிழாக நின்று எங்கே தெலுங்காக மாறியது என்று கடைவீதியில் யாரும் கேட்பதில்லை. கணக்கு சரியாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். திருநின்றவூருடையானும் அதையே பார்த்திருப்பார்.